ஷூவைக் கையில் பிடித்தபடி

குருசுக்குப்பத்தில் என் பக்கத்து வீட்டுக்காரருக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. பிள்ளைகள் வேலை செய்ய விடாததால், தினமும் காலையில் இஸ்திரி போட்ட சட்டையோடு அவர்களுக்கு டாட்டா காட்டிவிட்டுக் கிளம்புவார். தெருவைச் சுற்றிவந்து, ஷூவைக் கையில் பிடித்தபடி பின்படி ஏறி, மொட்டைமாடித் தகரக் கொட்டகைக்குள் உட்கார்ந்துவிடுவார். மீட்டிங்கில்கூடக் கிசுகிசுப்புதான்.

ஒருநாள் நான் எங்கள் மாடியில் துணி காயப்போடும்போது, கீழே அவருடைய சின்ன மகள் விழுந்து, "அப்பா" என்று அலறினாள். அவர் படிவரை ஓடிவந்து நின்றுவிட்டார்.

"போய்ப் பாருங்க சார்," என்றேன்.

"அவங்கம்மா தூக்கிட்டா. நான் ஆபீஸ்ல இல்ல இருக்கேன்," என்றார். அழுகை ஓயும்வரை கைப்பிடிச் சுவரை விடவில்லை.

மாலையில் ஷூவோடு முன்வாசலில் வந்து நின்றார். மகள் ஓடிவந்து முழங்காலைக் காட்டினாள். அவர் குனிந்து கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது.

"எப்பம்மா விழுந்த?"