அன்னமுன்னாத் தூள்காரன்

கொடிகாமம் சந்தையில் அன்று அம்மாவும் அக்காவும் நானும் நின்றோம். எங்களைப் பெற்ற ஐயா தோட்டத்தில் வேலையாயிருந்தார். ஐயா நின்றிருந்தால் அந்த மருந்துக்காரனிடம் அம்மா ஒன்றும் வாங்கியிருக்க மாட்டா.

தோளில் சரிகைச் சால்வை, நெற்றியில் சந்தனம். அவன் விற்றதோ பேன் மருந்து, சீத்தாப்பழ இனத்து அன்னமுன்னாப்பழ விதையை இடித்த தூள். கை மட்டும் எந்நேரமும் தன் தலையையே சொறிந்துகொண்டிருந்தது.

"அகத்தியர் ஏட்டிலை சொன்ன மூலிகை, தங்கச்சி" என்றான் அம்மாவிடம்.

எங்கள் வீட்டில் முதன்முதல் பள்ளிக்கூடம் போனவன் நான். பொறுக்க முடியவில்லை. "அது மேற்கிந்தியத் தீவுகளிலையிருந்து பறங்கியள் கப்பலிலை கொண்டந்த மரம். அகத்தியர் எங்கை கண்டவர்?"

"ஞானதிருட்டியாலை கண்டிருப்பார், தம்பி."

"கண்ணிலை பட்டால்?"

"குளிர்ச்சி" என்றான், சொறிந்தபடியே.

மறுநாள் கிணற்றடியில் அக்கா முழுகும்போது தூள் வழிந்து இரண்டு கண்ணும் வீங்கி மூடிக்கொண்டன. அடுத்த சந்தையில் அவனைப் பிடித்தேன்.

"அக்காவுக்குக் கண் தெரியேல்லை."

"பேன் செத்ததோ?"

"ஓம்."

"பிறகென்ன?"

அப்படியொரு மனிதனை நான் பிறகு கண்டதில்லை. தூள் ஐந்து சதம். வண்டிக்கூலி, ஆசுப்பத்திரி, கண்மருந்து எல்லாம் சேர்த்து, அக்கா மறுபடி எங்கள் முகம் பார்க்க இருபத்திரண்டு ரூபா முடிந்தது.