வாத்துமேட்டின் நடுத்தண்ணி வாக்குறுதி

வேம்புலிக்குத் தொழில் அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்புக் கம்பி வளைப்பது. ஆனால் மழைக்காலத்தில் எங்களுக்கு அவன்தான் கப்பல் படை.

கொரட்டூர் ஏரி நிரம்பி, உபரித் தண்ணீர் கலங்கல் தாண்டி வழிந்தால் எங்கள் வாத்துமேடு தீவாகிவிடும். ஐப்பசியில் சூழும் தண்ணீர் மார்கழி கடைசியில்தான் வடியும். வேம்புலி நாலு லாரி டியூபைக் கட்டி, மேலே ஒரு பழைய கதவைப் போட்டுத் தெப்பம் செய்திருந்தான். தீவில் ஒரு பனைமரம், எதிர்க்கரையில் ஒரு பனைமரம். இரண்டுக்கும் நடுவே கட்டிய கயிற்றைப் பிடித்து இழுத்தால் தெப்பம் நகரும். வேலைக்குப் போகிறவர்கள் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு கதவின் மேல் நிற்போம். தாழ்ப்பாள் மட்டும் காலைக் குத்தும்.

அந்தத் தெப்பத்தில்தான் எங்கள் அரசியல் நடந்தது. கரையில் தலைவர்கள் சொல்வதை வேம்புலி நம்ப மாட்டான். பாதி தூரம் போனதும் கயிற்றை விட்டுவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொள்வான். கோரிக்கை எதுவானாலும் அங்கேதான் சொல்லப்படும். இதற்கு நடுத்தண்ணி என்று பேர். நடுத்தண்ணியில் வாங்காத வாக்குறுதி எங்கள் ஊரில் செல்லாது.

அறுபத்தேழு தேர்தலுக்கு முன் வந்த வேட்பாளர் ஒருவர் நடுத்தண்ணியில் பாலத்துக்கு ஒப்புக்கொண்டார். தெப்பம் லேசாக ஆடியதும் தெரு விளக்கும் தருவதாகச் சொன்னார். இன்னும் ஒருமுறை ஆடியபோது, யாரும் கேட்காத பள்ளிக்கூடம் ஒன்றையும் சேர்த்துக்கொண்டார். பிறகு கரையேறி, எதிர்க்கரைப் பனைமரத்தடியில் இருந்த நாகப்பன் டீக்கடையில் சோடா குடித்துவிட்டு, இந்த இடத்துக்கு என்ன பேர் என்று கேட்டார். ஜெயித்த பிறகு அவர் இந்தப் பக்கம் வரவில்லை. அந்தப் பள்ளிக்கூடம் வந்தே தீரும் என்று அன்றைக்கு மாலைப் பத்திரிகைக்குச் செய்தி அனுப்பியவன் நான். தந்தி ஆபீஸ் மூடுவதற்குள் அனுப்பியாக வேண்டியிருந்தது. விசாரிக்க நேரமில்லை.

எழுபதில் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. எங்கள் மேட்டில் மொத்தம் அறுபத்தோரு ஓட்டு. மற்றவர்களை நம்பிக் களைத்துப்போய் வேம்புலியையே நிறுத்தினோம். எதிர்த்து நின்றவர் நாகப்பன். மேட்டின் ஒரு கோடியில் கோயில், மறுகோடியில் பனைமரம்; கோயில் பக்கத்து ஓட்டு முப்பத்தெட்டும் வேம்புலிக்கு விழுந்தன. பனைமரத்துப் பக்கத்து இருபத்து மூன்றும் நாகப்பனுக்கு. அறுபத்தொன்றில் ஒரு செல்லாத ஓட்டுகூட இல்லை என்று நான் பெருமையாக எழுதினேன். ஒரு ஆளும் பக்கம் மாறி யோசிக்கவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம் என்று அப்போது தோன்றவில்லை.

அந்த ஐப்பசியில் மெம்பர் வேம்புலி வெள்ளைத் துண்டோடு கூட்டம் முடிந்து வந்தான். மெம்பர் கயிறு இழுக்கக் கூடாது என்று நாங்களே சொல்லியிருந்ததால் அவன் மனைவி கன்னியம்மாதான் தெப்பத்தில் நின்றாள். பாதி தூரம் போனதும் கயிற்றை விட்டாள்.

"இன்னா மெம்பரே, பாலம் எப்ப?"

வேம்புலி தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆவன செய்யப்படும் என்றான். கன்னியம்மா தெப்பத்தை ஒரு ஆட்டு ஆட்டினாள். அடுத்த மழைக்குள் பாலம், இல்லையென்றால் மெம்பர் பதவி வேண்டாம் என்று அவன் வாயிலிருந்து வார்த்தை வந்தது. தெப்பத்தில் எட்டுப் பேர் சாட்சி.

அந்த வார்த்தைக்காக அவன் அலைந்தது உண்மை. பஞ்சாயத்து யூனியன் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்தே அரை அரை நாளாக அவன் லீவெல்லாம் போயிற்று. வைகாசியில் ஆறு சிமெண்டுக் குழாய்கள் லாரியில் வந்து இறங்கின. குழாய்களைப் பதித்து மேலே மண் கொட்டி நடைபாலம் போட வேண்டும். பின்னாலேயே இடம் குறிக்க ஓவர்சியர் வந்தார். மேட்டைச் சுற்றித் தரையெல்லாம் ஒரே மாதிரி காய்ந்து வெடித்துக் கிடந்தது. "தண்ணி எந்தப் பக்கமா வரும்?" என்று கேட்டார்.

கயிறு உரசிய தழும்போடு இரண்டு பனைமரங்கள் அங்கேயே நின்றுகொண்டிருந்தன. கோயில் பக்கத்து ஆட்கள் ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. பாலம் எங்கே வருகிறதோ அங்கே பாதை வரும், விளக்கு வரும், வாசலில் சைக்கிள் வந்து நிற்கும். அது நாகப்பன் கடை எதிரில் வருவதா? தண்ணீர் கோயில் பக்கம்தான் வரும் என்று ஒருவர் ஆரம்பித்தார். எப்படி வரும் என்று ஓவர்சியர் கேட்டார். புதிதாகக் கட்டிய கம்பெனிச் சுவர் வெள்ளத்தைத் திருப்பிவிடும் என்று நான் எடுத்துக் கொடுத்தேன். நல்ல வாதம். என் வீடு கோயிலுக்கு அடுத்தது.

ஓவர்சியருக்கு மதியச் சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டது. ஊரே முடிவு செய்யட்டும் என்றார். கை தூக்கினோம். தண்ணீர் கோயில் பக்கம் வரும் என்று முப்பத்தெட்டு. பனைமரத்துப் பக்கம் வரும் என்று இருபத்து மூன்று. தண்ணீர் எங்கே ஓட வேண்டும் என்று ஓட்டெடுப்பு நடத்தித் தீர்மானித்த ஊர் ஜில்லாவிலேயே எங்களுடையதாகத்தான் இருக்கும். வேம்புலியும் கை தூக்கினான். முழங்கை நிமிரவில்லை, ஆனாலும் எண்ணிக்கையில் சேர்ந்தது.

கோயில் பக்கம் மேட்டு நிலத்தில் பாலம் எழுந்தது. ஆடியில் அதற்குப் பொங்கல் வைத்துக் கும்பிட்டோம்.

ஐப்பசி வந்தது. கலங்கல் வழிந்தது. தண்ணீர் கம்பெனிச் சுவரைச் சட்டை செய்யாமல், வழக்கம்போலப் பனைமரங்களுக்கு நடுவே வந்து, பாலம் இருந்த மேட்டையும் சேர்த்து ஊரைச் சூழ்ந்தது. பாலம் துளி ஈரம் படாமல் மேட்டில் நின்றது. குழாய்க்குள் ஆடுகள் மழைக்கு ஒதுங்கின. வேம்புலி பரணிலிருந்து டியூப்களை இறக்கிக் காற்றடித்தான்.

முதல் நாள் காலையில் தெப்பத்தில் வேம்புலி, நான், என் சைக்கிள், ஷிப்டுக்குப் போகிற மூன்று பேர். கயிறு கன்னியம்மா கையில். நடுத்தண்ணியில் தெப்பம் நின்றது. நான் சைக்கிள் மணியைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"பாலம் எங்க கீது?" என்றாள் கன்னியம்மா.

"தோ, கோயிலாண்ட கீதே."

"அதுக்குக் கீழ தண்ணி கீதா?"

வேம்புலி பாலத்தைத் திரும்பிப் பார்த்தான். வேறு ஒரு தலைவர் என்றால் தப்பித்திருக்கலாம். பாலம் என்று சொன்னேன், பாலம் வந்துவிட்டது, தண்ணீரையும் கொண்டுவருவதாக நான் சொல்லவில்லையே என்று கேட்டிருக்கலாம். அந்தப் பதில் எனக்கே தோன்றியது.

"பத்து வருசமா இந்தக் கயித்த இஸ்துகினு கீற. தண்ணி எங்க வரும்னு உனுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்பால இன்னாத்துக்குக் கை தூக்குன?"

"முப்பத்தெட்டுப் பேரு தூக்கிக்கினு நின்னாங்க. அவங்க போட்ட ஓட்டுலதான மெம்பரு. எறக்குங்கனு சொல்ல வாய் வரல."

எதிர்க்கரையிலிருந்து நாகப்பன், டீ ஆறுது மெம்பரே, பேசி முடிச்சிட்டு வா என்று குரல் கொடுத்தார். வேம்புலி தெப்பத்திலிருந்த மூங்கிலை எடுத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினான். மார்பளவு ஆழம். காலால் துழாவி, இழுப்பு அதிகமாக இருந்த இடத்தில் மூங்கிலை ஊன்றி, உடம்பின் எடையெல்லாம் போட்டு அழுத்தினான். தோளிலிருந்த வெள்ளைத் துண்டை உருவி அதன் நுனியில் கட்டினான்.

"இதான் எடம். சித்திரைல எவனும் கை தூக்கக் கூடாது."

தெப்பத்தில் ஏறியதும், சொன்ன வாக்குப்படி அன்றைக்கே பதவியை விட்டுவிடுவதாகச் சொன்னான். கன்னியம்மா கயிற்றை மறுபடி பிடித்தாள். "மொதல்ல குழாய உருட்டு. அப்பால வுடு," என்றாள்.

சித்திரையில் தண்ணீர் வடிந்திருந்தது. சேற்றில் மூங்கில் நின்றது. துண்டு பழுப்பேறியிருந்தது, ஆனால் இருந்தது. ஓவர்சியரையும் கூப்பிடவில்லை, ஓட்டும் எடுக்கவில்லை. மேட்டுப் பாலத்தைத் தோண்டி ஆறு குழாய்களையும் இருநூறு அடி தூரம் உருட்டினோம். முதல் குழாய்க்கு ஒரு பக்கம் வேம்புலி தோள் கொடுத்தான், மறுபக்கம் நாகப்பன். நானும் தள்ளினேன். என் வீட்டு வாசலிலிருந்து பாலம் ஒவ்வொரு அடியாக நகர்ந்து போவதைப் பார்த்துக்கொண்டே தள்ளினேன்.

மறுநாள் வேம்புலி ராஜினாமா எழுதித் தரச் சொல்லி வந்தான். அவசரத்தில் கை பழகிய வரியை எழுதினேன்: உடல்நலக் குறைவு காரணமாக. படித்துப் பார்த்து அந்த வரியை அடிக்கச் சொன்னான்.

"எனுக்கு இன்னா சீக்கு? தண்ணி வர எடம் தெரிஞ்சும் வாய மூடிக்கினேன்னு எழுது."

அப்படியே எழுதினேன். அவன் கையெழுத்துப் போட்டான். கம்பெனிச் சுவர் வாதத்தை எடுத்துக் கொடுத்தது யார் என்பதையும் சேர்க்க வேண்டுமா என்று நான் கேட்கவில்லை. கடிதத்தை மடித்து உறையில் போட்டு ஒட்டிவிட்டேன்.