பால் பொங்குது, வைங்க

இருபத்தோரு வருட ராணுவ வாழ்க்கையைப் பற்றி ஹவில்தார் தன் மனைவி தையல்காரம்மாவிடம் பேசியதையெல்லாம் சேர்த்தால், ஒரு பிளவுசுக்குக் கொக்கி தைக்கும் நேரம்கூட வராது. அவள் அதைப் பெரிதாக நினைத்ததே இல்லை, அந்த நாடகக்காரி வீட்டுக்கு வரும் வரை.

ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் மரியாதை செய்யத் தனி ஆளாக நடிக்கப் போகிறாளாம். அவளுக்குத் தன் கையாலேயே டீ போட்டுக் கொடுத்துவிட்டு, மனுஷன் மடை திறந்தது போலப் பேசினார். உள்ளறையில் தையல்காரம்மா வேண்டுமென்றே மெஷினைக் கடகடவென்று மிதித்தாள்.

நாடகக்காரி போனதும் தையல்காரம்மா கேட்டாள்: "எங்கிட்ட மட்டும் வாய்க்குப் பூட்டு. அவகிட்ட சாவி எப்படி வந்துச்சு?"

"நீ கேட்டதே இல்லையேடி."

ஒத்திகைக்கு நாடகக்காரி இருவரையும் அழைத்திருந்தாள். மேடையில் அவள் தையல்காரம்மாவாகவே மாறி, எல்லையிலிருந்து புருஷன் செய்த போனை எடுத்தாள். "பால் பொங்குது, வைங்க" என்று சொல்லிவிட்டு அடுப்புக்கு ஓடினாள். வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். எல்லோரையும்விட ஹவில்தார்தான் அதிகம் சிரித்தார்.

தையல்காரம்மாவுக்கு வயிறு எரிந்தது. தன் புருஷன், தன் போன், இப்போது தன் வாயும் அவளுக்கா? எழுந்து நின்றுவிட்டாள்.

"ஏம்மா, அன்னைக்கு நான் அடுப்பே பத்த வைக்கல. அழுகை வந்துடுச்சு. இவருக்குக் கேட்டுடக் கூடாதுன்னு போனை வச்சேன்."

ஹவில்தாரின் சிரிப்பு நின்றது. "இத்தனை வருஷமா பால்னுதானே நினைச்சேன்?"

"நீங்க கேட்டதே இல்லையே."

சனிக்கிழமை முதல் காட்சி நடந்தது. மேடையில் அடுப்பு இல்லை.