அசையாவிட்டால் அணையும் விளக்கு

அம்மாவை ஐஸ் பெட்டியில் வைத்திருந்த அன்று சாயங்காலம் எங்கள் வீட்டு ஹாலில் லைட் அணைந்தது. கரண்ட் போகவில்லை. ஐஸ் பெட்டியின் மோட்டார் உறுமிக்கொண்டுதான் இருந்தது. சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் அழுது ஓய்ந்து அசையாமல் இருந்தார்கள், அதனால் அணைந்தது. ஆள் அசைந்தால் எரியும், அசைவு இல்லையென்றால் தானாக அணையும் சென்சார் பல்பு அது. வாங்கி வந்து மாட்டியவன் நான்.

யாரோ தண்ணீர் குடிக்க எழுந்தார்கள், எரிந்தது. கொஞ்ச நேரத்தில் திரும்பவும் அணைந்தது.

அப்பாவின் அக்காவுக்கு, என் அத்தைக்கு, சாவு வீட்டிலும் வாய் சும்மா இருக்காது.

"ஏன்டா, என்னடா கூத்து இது? செத்தவ எழுந்து கையாட்டணுமா, உன் லைட்டு எரிய?" என்றார். பிறகு பெண்கள் பக்கம் திரும்பி, "கைய ஆட்டி அழுங்கடி. இல்லன்னா இருட்டுலதான் உக்காரணும்."

ஓரத்தில் இரண்டு பேர் சிரித்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். எழுந்து பல்பை மாற்றியிருக்கலாம். நான் சுவரோரமே உட்கார்ந்திருந்தேன். கடைசியில் எதிர் வீட்டு அக்கா தன் வீட்டில் எரிந்துகொண்டிருந்த பல்பைக் கழற்றி வந்து மாட்டிவிட்டார். எலக்ட்ரிக்கல் கடையில் வேலை பார்க்கிறவன் வீட்டில், அம்மா சாவுக்கு இரவல் பல்பு.

அப்பா நான் எட்டாவது படிக்கும்போதே இறந்துவிட்டார். நான் படிப்பை விட்டுவிட்டுத் தெப்பக்குளம் பக்கம் ஒரு கடையில் சேர்ந்தேன். அம்மா ஸ்ரீரங்கத்தில் வீட்டிலேயே பூ கட்டினாள். கடையில் பெட்டி தூக்கிக்கொண்டிருந்த எனக்கு, கம்பெனி ஆள் ஒருவர் வந்து சொல்லிக்கொடுத்ததுதான் பெரிய படிப்பு. எந்த ஃபேன் குறைவாகக் கரண்ட் இழுக்கும், ஃபிரிட்ஜைச் சுவரில் ஒட்டி வைத்தால் என்ன ஆகும், கரண்டுக்காக எவ்வளவு நிலக்கரி எரிகிறது, அந்தப் புகையால் பூமி எப்படிச் சூடாகிறது எல்லாம் சொன்னார். படித்தவர்களே கடையில் என்னிடம் கேட்டுக்கொண்டு போகும்போது பெருமையாக இருக்கும்.

எல்லாவற்றையும் முதலில் எங்கள் வீட்டில்தான் செய்து பார்த்தேன். குண்டு பல்பு போனது, பழைய ஃபேன் போனது, கரண்ட் பில் இறங்கியது. அம்மாவுக்கும் அதில் சந்தோஷம்தான். கடைசியாக ஹால் டியூப்லைட்டையும் கழற்றிவிட்டு சென்சார் பல்பு போட்டேன். அம்மா லைட்டை எரியவிட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விடுவாள், அதற்காக.

"எதுக்குடா இதெல்லாம்?"

"நிலக்கரி புகை குறையும்மா. பூமிக்கு நல்லது."

"ஓகோ, என் ஒத்த லைட்டாலதான் உலகம் கொதிக்குதாக்கும்" என்று சிரித்தாள். நான் சுவிட்சைப் போட்டபடியே வைத்து அதன்மேல் டேப் ஒட்டினேன், யாரும் தொடாமல் இருக்க. அவளைத் தவிர அங்கே தொடுவதற்கு யார் இருந்தார்கள்?

பூ கட்டுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஜீயபுரத்து வாழைநாரை நனைத்துக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு, அம்மா சுவரில் சாய்ந்து உட்காருவாள். விரல் மட்டும்தான் ஓடும். தலைகூட ஆடாது. சாயங்காலம் பூக்காரர் கூடையை இறக்கிவிட்டுப் போனால், நான் கடை முடிந்து வரும்வரை அப்படியேதான் இருப்பாள். நான் கதவைத் தாண்டி உள்ளே வரும்போது லைட் பளிச்சென்று எரியும். பார்த்தாயா எப்படி வேலை செய்கிறது என்று அதையும் பெருமையாகச் சொல்வேன். அதற்கு முன்னால் எரிந்ததா என்று யோசித்ததே இல்லை.

கொஞ்ச நாளில் அவள் கட்டிய சரம் தளர ஆரம்பித்தது. பூக்காரர் கூடையைத் திருப்பிக்கொண்டு வந்து, "என்னம்மா, தூக்குனா உதிருது. முன்னெல்லாம் உன் சரம் கல்லு மாதிரி நிக்குமே" என்றார்.

"கண்ணு மங்குதுப்பா, வயசாகுதுல்ல" என்றாள் அம்மா. நானும் சேர்ந்துகொண்டு, "எத்தனை தடவை சொல்றேன், கண்ணாடி போடும்மான்னு" என்று பூக்காரர் முன்னாலேயே கத்தினேன். அவள் அந்தச் சரத்தைப் பிரித்துத் திரும்பக் கட்டினாள்.

பிறகு அவளுக்கு நெஞ்சு வலி வந்தது, ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது. லைட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை, எனக்குத் தெரியும்.

காரியம் முடிந்த பிறகு எதிர் வீட்டு அக்கா சாப்பாடு கொண்டுவந்தார். அம்மாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

"உங்கம்மா பக்தி யாருக்குப்பா வரும்? நான் வாசல்ல உக்காந்து பாப்பேன். பூ கட்டிக்கிட்டே இருப்பாங்க, அப்பப்போ ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்குவாங்க. என்னக்கான்னா, பெருமாளுக்கு ஒரு கும்பிடு போட்டேன்டிம்பாங்க. ஒரு சரத்துக்குள்ள எத்தனை கும்பிடு!"

பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவினேன்.

அவர் போனதும் இரவல் பல்பைக் கழற்றிவிட்டு சென்சார் பல்பைத் திரும்ப மாட்டினேன். அம்மா உட்காரும் இடத்தில் சுவரில் சாய்ந்து, மடியில் விரலை மட்டும் அசைத்துக்கொண்டு இருந்தேன். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. லைட் அணைந்தது. விரலை வேகமாக அசைத்துப் பார்த்தேன். எரியவில்லை. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினேன். எரிந்தது.

"என்னப்பா, அம்மா மாதிரியே நீயும் கும்பிட ஆரம்பிச்சிட்டியா?" வாசலிலிருந்து அக்காவின் குரல். பாத்திரத்தை வாங்கிப்போகத் திரும்ப வந்திருந்தார்.

பேசாமல் இருந்திருக்கலாம். "கும்பிடலக்கா. லைட் எரியறதுக்காகக் கையத் தூக்குனேன். அம்மாவும் அதுக்குத்தான் தூக்கியிருக்காங்க" என்றேன்.

அக்கா மேலே பல்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "போப்பா. அவங்க ரங்கா ரங்கான்னு வாய்விட்டு சொல்லிட்டேதான் தூக்குவாங்க. என் காதால கேட்டேன்" என்று பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வேகமாகப் போய்விட்டார். அடுத்த நாள் தன் பல்பைத் திருப்பிக் கேட்கவில்லை. அதுதான் இப்போது ஹாலில் எரிகிறது. சென்சார் பல்பைக் குளியலறையில் மாட்டிவிட்டேன். அது அங்கே இருக்கவேண்டிய பல்புதான். சுவிட்ச் மேல் ஒட்டியிருந்த டேப்பை நகத்தால் சுரண்டி எடுத்தேன். பிசின் முழுதாகப் போகவில்லை, கை பட்டால் ஒட்டுகிறது.

போன வாரம் கே.கே. நகரிலிருந்து ஒருவர் கடைக்கு வந்தார். சென்சார் பல்பு வேண்டும், அம்மா ரூமுக்கு, அவங்க லைட்டை அணைக்கவே மாட்டேங்கறாங்க என்றார்.

"அம்மா அந்த ரூம்ல என்ன பண்ணுவாங்க சார்?" என்று கேட்டேன்.

"என்ன பண்ணுவாங்க? சும்மா உக்காந்திருப்பாங்க."

"சும்மான்னா, படிப்பாங்களா, எதாவது தைப்பாங்களா?"

அவர் யோசித்தார். முதலாளி கல்லாவிலிருந்து என்னை முறைத்தார். "தெரியலையே தம்பி" என்றார் வந்தவர்.

"கேட்டுட்டு வாங்க சார். பல்பு எங்கயும் போயிடாது" என்று பெட்டியை எடுத்த இடத்திலேயே வைத்தேன்.