சட்டைக்கு ஒரு பை

பெண்கள் சிறையின் தையல் கூடத்தில் பத்தொன்பது வருஷமாக வேலை கற்றுத் தருகிறவளைக் கைதிகள் 'ஊசியக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். பேச்சும் அப்படித்தான், சுருக்கென்று தைக்கும்.

புதுச் சிறைச் சட்டம் வந்தது. வீட்டார் படம் ஒன்றைக் கைதி எப்போதும் தன்னிடம் வைத்துக்கொள்ளலாம் என்று அதில் இருந்தது. அதைப் படித்துவிட்டு ஜெயிலர் சிரித்தார்.

"தாராளமா வெச்சுக்கட்டும். எதுல வெப்பாங்க? கைதிச் சட்டைக்குத்தான் பையே கிடையாதே!"

பை இருந்தால் எதையாவது ஒளித்து வைப்பார்கள், அதனால் பை கூடாது என்பது பழைய விதி. ஊசியக்காவே அப்படிப் பையில்லாத சட்டைகளை ஆயிரக்கணக்கில் தைத்துத் தள்ளியவள்தான். ஆனாலும் அந்தச் சிரிப்பை அவளால் பொறுக்க முடியவில்லை. வெட்டி மிஞ்சிய துண்டுத் துணிகளை அள்ளிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரே வாரத்தில் இருநூற்றுப் பத்துச் சட்டைகளிலும் இடப்பக்கம் பை ஏறிவிட்டது.

காலை வரிசையில் அதைப் பார்த்த ஜெயிலர் கொதித்துப் போனார். "யாரைக் கேட்டுத் தெச்ச? சாயங்காலத்துக்குள்ள அத்தனையையும் பிரிச்சாகணும்!"

"தெக்கிறதுதான் சார் என் வேலை" என்று கத்தரிக்கோலை அவர் கையில் வைத்தாள். "பிரிக்கணும்னா நீங்களே பிரிங்க. ஒவ்வொரு பைக்குள்ளயும் ஒரு பிள்ளை மொகமோ தாய் மொகமோ இருக்கு. வெளிய எடுத்து நல்லாப் பாத்துட்டு, அப்புறம் பிரிங்க."

வரிசையின் முதல் கைதி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்றாள்.