வருமுன் சொன்ன சாட்சி

தாராவியில் இருக்கும் எங்கள் சபையில் ஞாயிறு ஆராதனை முடியும் தறுவாயில், ஆசீர்வாதத்துக்கு முன்பாக, சாட்சிக்கென்று சிறிது நேரம் விடுவார்கள். அந்த வாரம் நன்மை கண்டவர்கள் எழுந்து சொல்லலாம். மகளுக்கு வாஷியில் வேலை கிடைத்தது, ஊருக்குப் போய்ச் சுகமாகத் திரும்பியது, மழையில் கூரை ஒழுகாமல் தப்பியது, இப்படி. சொல்லி முடித்ததும் சபையார் ஸ்தோத்திரம் என்பார்கள். பெரும்பாலான வாரங்களில் யாரும் எழுவதில்லை. போதகர் இரண்டு பக்கமும் பார்ப்பார், பெண்கள் பக்கத்தில் ஒருவர் எழுந்துவிடுவார் என்பது அவருக்குத் தெரியும்.

அவரை நான் மைனி என்று அழைக்கிறேன். மாட்டுங்கா லேபர் கேம்பில் எங்கள் சந்தில் அடுத்த வீடுதான் அவர்களுடையது. அவருடைய கணவரை எல்லோரும் அண்ணன் என்போம், அந்த வழியில் இவர் மைனி. உறவுமுறை வேறு எதுவும் இல்லை. இரு குடும்பமும் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவை, அவ்வளவுதான்.

மைனி செய்வது எதுவும் பாதி அளவில் இருக்காது. பாட்டில் எல்லோரையும் முந்திக்கொண்டு போவார், சுருதி எங்கே இருந்தாலும் சரி. சபையில் யாராவது ஆஸ்பத்திரியில் படுத்தால் முதல் ஆளாக டிபன் கேரியரோடு போய் நிற்பார். பண்டிகை நாளில் சபையார் சேர்ந்து சாப்பிடும் அசனத்துக்கு, அடுப்பு பற்றவைப்பதற்கு முன்பே அவர் வந்திருப்பார். பொதுமுடக்க நாட்களில், எங்கள் சந்தில் அடுப்பு எரியாத வீடுகளுக்கெல்லாம் கஞ்சி போனது அவர் வீட்டிலிருந்து. அதை யாரும் தீர்மானம் போட்டுத் தொடங்கவில்லை. என்னைப் போன்றவர்கள் அரிசியை எப்படிப் பங்கிடலாம் என்று பேசி முடிப்பதற்குள் அவர் பானையை இறக்கியிருந்தார்.

இருநூறு, முந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலச் சபைப் பெரியவர்களின் எழுத்தைப் படித்தால், பக்தியில் உற்சாகம் என்பதை அவர்கள் ஒரு வசைச்சொல்லாகவே பயன்படுத்தியிருப்பது தெரியும். உற்சாகி என்றால் தன் மனக்கிளர்ச்சியைக் கடவுளின் குரலென்று எடுத்துக்கொள்பவன். எங்கள் சபையிலோ பாட்டு நடத்துபவர் வாரந்தோறும் "உற்சாகமாப் பாடுங்க, உற்சாகமா!" என்று கெஞ்சுகிறார். இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த சாட்சி மைனிதான்.

அண்ணன் குர்லாவில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தவர். பேச்சு குறைவு. அந்தக் குறைவையெல்லாம் பாட்டில் ஈடுகட்டுவார். டிசம்பரில் நாங்கள் கேரல் ரவுண்ட்ஸ் போவோம். டெம்போ ஒன்றைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பாடுவது. தாராவியிலும் கேம்பிலும் முடித்துவிட்டு, அங்கிருந்து வீடு மாறிப் போனவர்களைத் தேடிக் குர்லா, செம்பூர், வாஷி வரை போவோம். முதல் வீடு எப்போதும் போதகர் வீடு. அங்கே முதல் பாட்டின் முதல் அடியை அண்ணன் தனியாக, வாத்தியம் இல்லாமல் எடுப்பார். அது முடிந்த பிறகுதான் மத்தளத்தில் கை விழும். யார் வைத்த வழக்கமென்று தெரியவில்லை. அண்ணன் எடுக்காமல் ரவுண்ட்ஸ் கிளம்பியதாக எனக்கு நினைவில்லை.

சென்ற ஆண்டுக்கு முந்தைய ஆண்டு, கணபதி ஊர்வலங்கள் முடிந்த வாரத்தில், அண்ணனுக்குக் கழுத்தில் தைராய்டு அறுவை சிகிச்சை நடந்தது. குரலுக்குப் போகும் நரம்பு பக்கத்திலேயே இருக்கிறது, சில பேருக்குக் குரல் கம்மலாம் என்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். அப்படியே ஆனது. கட்டி போனது, குரலும் போனது. பேசினால் காற்றுதான் வந்தது. மருத்துவர் ஒளிக்கவில்லை. ஆறு மாதத்தில் வரலாம், ஒரு வருடம் ஆகலாம், வராமலும் போகலாம். இப்போதிருந்தே குரல் பயிற்சி செய்தால் வருவதற்கு வழியுண்டு, தள்ளிப்போட்டால் கடினம். செம்பூரில் பயிற்சி கொடுக்கும் ஒரு மராத்திப் பெண்ணிடம் அனுப்பினார். அண்ணன் இரண்டு முறை போனார்.

பிறகு அறுப்பின் பண்டிகை வந்தது. எங்களில் ஒருவருக்கும் வயல் கிடையாது. மாட்டுங்கா மார்க்கெட்டில் வாங்கிய பூசணியையும் தேங்காயையும் பீடத்தின் முன்னால் அடுக்கிவிட்டு, அவற்றையே ஏலம் எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோவோம். அன்று சாட்சி நேரத்தில் மைனி எழுந்தார்.

"எங்க வீட்ல இவியளுக்கு ஆண்டவர் குரலத் திருப்பிக் குடுத்திட்டாரு. இந்தக் கிறிஸ்மசுக்கு மொத பாட்டு இவியதான் எடுப்பாவ. ஸ்தோத்திரம்!"

சபை பெரிதாக ஸ்தோத்திரம் என்றது. ஆண்கள் பக்கத்தில் என் வரிசையில் இருந்த அண்ணனை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்திலிருந்தவர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அண்ணன் சிரித்தார். மறுக்க வேண்டுமென்றாலும் மறுப்பதற்கு அவருக்குக் குரல் இல்லை.

இது பொய் அல்ல என்பதை வெளியாட்களுக்குச் சொல்ல வேண்டும். எங்களில் சிலரிடம் இந்தப் பழக்கம் உண்டு. கேட்டது கையில் வருவதற்கு முன்பே, வந்துவிட்டதாக நம்பி நன்றி சொல்வது. அப்படிச் சொல்வதுதான் விசுவாசம், வந்தபின் யாரும் சொல்வார்கள் என்பது அவர்கள் கட்சி. வழக்கமாக இதனால் தீங்கு வருவதில்லை. கேட்ட விசா வராவிட்டால் அடுத்த முறை வரும் என்று விட்டுவிடுவார்கள், சபையும் மறந்துவிடும். மைனி மறக்கிற ஆள் இல்லை. சாட்சி சொன்ன மறுநாளே செம்பூர்ப் பயிற்சியை நிறுத்தினார்.

அண்ணன் ஒரு சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து, காதருகே காற்றாகச் சொன்னார், "நீ ஒரு வார்த்த சொல்லிப் பாரேன்." நானும் போய்க் கேட்டேன். மைனி மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

"மைனி, அண்ணன ஏன் செம்பூருக்கு அனுப்பல?"

"நீங்க படிச்சவிய. இப்படித்தான் கேப்பிய." தலையை நிமிர்த்தவில்லை. "ஸ்தோத்திரம் சொல்லியாச்சு. பொறவும் ஆஸ்பத்திரி வாசல்ல போயி நின்னா என்ன அர்த்தம்? குடுத்தவருக்கே டெஸ்ட் வைக்கதா?"

"குடுத்தது இன்னும் வந்து சேரலையே."

"வந்துக்கிட்டு இருக்கு. ட்ரெயின் லேட்டுன்னா டிக்கெட்டக் கிழிச்சா போடுவிய? சும்மா காலி பீலி டென்ஷன் ஆவாதிய. உக்காருங்க, கொழம்பு கொதிச்சிரும், சாப்டுட்டுப் போலாம்."

அண்ணன் கதவருகே நின்று என்னைப் பார்த்துக் கையை விரித்தார். சாப்பிட்டுவிட்டு வந்தேன். குழம்பு நன்றாகவே இருந்தது.

மைனியிடம் கபடம் எதுவும் இல்லை என்பதால்தான் அவரோடு வாதாடுவது கடினமாக இருந்தது. ஆஸ்பத்திரியில் அண்ணன் கிடந்த நாட்களில் அவர் தரையில்தான் படுத்தார். தினமும் விடிவதற்கு முன் எழுந்து அந்தக் குரலுக்காக அழுது ஜெபிப்பது எங்கள் வீட்டுச் சுவர் வழியாகக் கேட்கும். அவ்வளவையும் செய்பவர், கணவர் பயிற்சிக்காக ஒரு தம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை விட்டு ஊதிப் பழகுவதை மட்டும் அவிசுவாசம் என்று தடுத்தார். வாரங்கள் போய்க்கொண்டிருந்தன.

டிசம்பரின் இரண்டாம் சனிக்கிழமை, வெயில் இருக்கும்போதே ரவுண்ட்ஸ் தொடங்கினோம். குடியிருப்புக் கட்டடங்களில் இரவு பத்துக்கு மேல் பாடவிடுவதில்லை என்பதால் இப்போதெல்லாம் சீக்கிரமே கிளம்பிவிடுகிறோம். போதகர் வீட்டு வாசலில் முப்பது பேர் நின்றிருப்போம். பாடகர் குழுவை நடத்தும் இளைஞன் இங்கேயே பிறந்து வளர்ந்தவன். அண்ணன் பக்கம் திரும்பி, "அங்கிள், சலோ. ஆப் ஷுரு கரோ," என்று தொடங்கச் சொன்னான். கேலியில்லை. அவன் சாட்சியைக் கேட்டவன், நம்பியவன்.

அண்ணன் முன்னால் வந்தார். வழக்கம்போலக் கண்ணை மூடினார். வாயைத் திறந்தார். வந்தது காற்று, நடுவில் தகரத்தை உரசியது போல ஒரு சத்தம், மறுபடி காற்று. நிறுத்தினார். இன்னொரு முறை முயன்றார். மத்தளக்காரர் கையைத் தூக்கியபடியே நின்றார். போதகர் தன் செருப்பைப் பார்த்தார்.

பெண்கள் பக்கத்திலிருந்து மைனி அந்த அடியை எடுத்தார். எப்போதும்போல உரக்க, சுருதி சேராமல். எல்லோருக்கும் அப்பாடா என்று இருந்தது. சேர்ந்துகொண்டோம், மத்தளமும் விழுந்தது. பாட்டு நன்றாகவே சூடு பிடித்தது. அந்தச் சத்தத்துக்குள் அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் டெம்போவில் ஏறி உட்கார்ந்தார். மைனி பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு அவர் பின்னால் போனார். மைனி ஒரு பாட்டைப் பாதியில் விட்டதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பாட்டுப் புத்தகங்களை எடுக்க நான் டெம்போவின் பின்பக்கம் போயிருந்தேன். அண்ணன் சொன்னது காற்றுதான், ஆனாலும் தெளிவாக இருந்தது.

"என்ன அங்க கொண்டு நிக்க வச்சிட்டியே, ட்டி."

அன்று மற்ற வீடுகளுக்கு அவர்கள் இருவரும் வரவில்லை. டெம்போவிலிருந்து இறங்கி, சந்து வழியாக, அண்ணன் முன்னும் மைனி பின்னுமாக நடந்து போனார்கள்.

மறுநாள் ஞாயிறு. சாட்சி நேரத்தில் போதகர் இந்தமுறை எந்தப் பக்கமும் பார்க்காமல் ஜெபப் புத்தகத்தைப் புரட்டினார். மைனி எழுந்தார். கையில் முந்தானையைச் சுருட்டிப் பிடித்திருந்தார்.

"அறுப்பின் பண்டிகைக்கு நான் ஒரு சாட்சி சொன்னேன்லா, அது நடக்கல. நான் ஆசப்பட்டத ஆண்டவர் செஞ்சதாச் சொல்லிப்போட்டேன். இவிய இத்தன நாளா என் மானத்துக்காவ சும்மா இருந்தாவ. நாளைக்கு செம்பூருக்குப் போறோம். ஜெபிச்சுக்கிடுங்க."

பழக்கத்தில் இரண்டு மூன்று பேர் ஸ்தோத்திரம் என்று சொல்லிவிட்டு, சொல்லலாமா என்று தெரியாமல் அக்கம்பக்கம் பார்த்தார்கள். ஒரு சாட்சி திரும்பப் பெறப்பட்டால் சபை என்ன சொல்ல வேண்டுமென்று எந்த முறைமையும் இல்லை. போதகர் ஜெபப் புத்தகத்தை மூடினார். பிறகு, "நன்றிம்மா. உக்காருங்க," என்றார். கிளர்ச்சி எதுவும் இல்லாத அந்தச் சில வாக்கியங்களைவிடத் துணிச்சலானதை அந்த இடத்தில் நான் கேட்டதில்லை.

மைனி மாறிவிட்டார் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. திங்கட்கிழமை செம்பூரில் அந்த மராத்திப் பெண் பயிற்சிகளைத் திரும்பச் சொல்லிக்கொடுத்தார். மூச்சு பிடித்து "ஆ" என்று இழுப்பது, இரண்டு கையாலும் சுவரைத் தள்ளிக்கொண்டே "ஈ" என்பது, தண்ணீருக்குள் ஸ்ட்ராவை விட்டு முனகுவது. காலையும் மாலையும் செய்யச் சொன்னார். மைனியின் கையில் கிடைத்தால் எது காலை, மாலையோடு நிற்கும்? அண்ணன் மட்டும் செய்தால் அலுத்துவிடுவார் என்று தானும் சேர்ந்துகொண்டார். எங்கள் சந்தில் விடியற்காலையில் ஜெபச் சத்தம் அடங்கியதும் "ஆ" தொடங்கும். அண்ணனின் "ஆ" வெளியே கேட்காது, மைனியினுடையது தண்ணீர்க் குழாய் வரைக்கும் கேட்கும். இருவரும் சுவரைத் தள்ளுவதில் எங்கள் பக்கத்து அலமாரியில் பாத்திரம் ஆடியது.

எதிர்வீட்டுக்காரர் ஒருநாள் வெளியே வந்து, "என்ன மைனி, செவுர இடிச்சு சந்துக்குள்ள ரூம் எடுக்கப் பாக்கியளா?" என்றார்.

"வந்து நீரும் தள்ளும்வே. தொப்ப குறையும்."

அலுப்பு தட்டும் வேலைக்கு உற்சாகம் எவ்வளவு தேவை என்பதை நான் அந்த மாதங்களில்தான் கவனித்தேன். பண்டிகை நாளில் கைதட்டுவதற்கு அது பெரிதாக வேண்டியதில்லை, கூட்டமே தட்டவைத்துவிடும். பலன் எதுவும் தெரியாத ஒரு பிப்ரவரிக் காலையில் எழுந்து, தண்ணீருக்குள் மறுபடி முனகுவதற்கு வேண்டும். அண்ணனுக்கு அந்த உற்சாகம் சொந்தமாக இருந்ததாகத் தெரியவில்லை. அவர் பல நாள் போர்வையை இழுத்து மூடிக்கொள்வார். மைனியிடமிருந்து கடன் வாங்கித்தான் செய்தார்.

சாம்பல் புதன் கழிந்த சில நாளில் கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. ஈஸ்டருக்கு முந்தின குருத்தோலை ஞாயிற்றுக்குள் அது சொல்லாக மாறியது. தாழ்ந்த குரல், ஓரம் தேய்ந்தது, உயரத்துக்குப் போனால் உடைந்துவிடும். பாட முடியாது, பேச முடியும். கடையில் பேரம் பேச முடியும். பயிற்சிப் பெண் மெதுவாக இன்னும் வரலாம் என்றாராம், வராமலும் இருக்கலாம் என்றாராம்.

ஆச்சரியம் என்னவென்றால், மைனி சாட்சி சொல்லவில்லை. ஈஸ்டர் போனது, அதற்கடுத்த ஞாயிறும் போனது. போதகர் பெண்கள் பக்கம் பார்ப்பார், அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஆராதனை முடிந்து நாங்கள் சேர்ந்து நடந்துவந்தபோது நானே கேட்டுவிட்டேன்.

"ஏன் மைனி, இப்ப சொல்லலாமே?"

"அய்யய்யோ, வேண்டாம்யா. ஒருமட்டம் பட்டது போதும். மேல்சுரம் இன்னும் வரலயே. முழுசா வரட்டும், சொல்லுதேன்."

"வராமலேயே போனா?"

அவர் நடையைக் குறைத்தார். பின்னால் வந்துகொண்டிருந்த அண்ணன்தான், அந்தத் தேய்ந்த குரலில் சொன்னார்.

"வந்த மட்டும் சொல்லேன், ட்டி."

அடுத்த ஞாயிறு அவர் எழுந்தார். "பாதி வந்திருக்கு," என்று தொடங்கினார். மீதி வரலாம், வராமலும் இருக்கலாம், அது தனக்குத் தெரியாது என்றார். பிறகு செம்பூர், ஸ்ட்ரா, சுவர், எதிர்வீட்டுக்காரர் என்று ஒன்றையும் விடவில்லை. ஆண்கள் பக்கத்தில் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். பாதிக் குரலுக்கான சாட்சியை மைனி முழு நீளத்துக்குச் சொன்னார். போதகர் இருமுறை கடிகாரத்தைப் பார்த்தார்.