மேடத்தின் கம்பளிப் பலகை

பெருமாள்மலையில் நான் குமாஸ்தாவாக இருந்த லாரி புக்கிங் ஆபீசின் சுவரில் ஒரு பலகை மாட்டியிருந்தது. பலகை முழுக்க ஆணிகள். ஆணிக்கு ஆணி இழுத்துக் கட்டிய கம்பளி நூல்கள். யாரோ ஸ்வெட்டர் பின்னத் தொடங்கிப் பாதியில் ஓடிவிட்டார்கள் என்றுதான் புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். அந்தக் கேலியை முதலில் கிளப்பிவிட்டவன் நான்தான். பலகையைச் செய்தவர் எங்கள் மேனேஜர். கொடைக்கானலில் மிஷன் பள்ளியில் படித்து, மதுரையில் கணக்கில் பட்டம் வாங்கித் திரும்பி வந்தவர். என்னைவிட இளையவர்தான். ஆனாலும் முதலாளியைத் தவிர எல்லோருக்கும் அவர் மேடம். வேறு எப்படியும் கூப்பிட எங்களுக்கு வாய் வரவில்லை.

அது எழுபதுகளின் கடைசி. வில்பட்டிப் பக்கத்துக் கேரட்டும் உருளைக்கிழங்கும் எங்கள் மூலம்தான் லாரியேறி மதுரைக்குப் போகும். விவசாயிகளுக்கு ஒரு நோட்டு, லாரிகளுக்கு ஒரு நோட்டு, மதுரை மண்டிகளுக்கு ஒரு நோட்டு. மண்டியிலிருந்து ஒரு கேள்வி வந்தால் போதும், மூன்றையும் விரித்துவைத்துக்கொண்டு மல்லுக்கட்ட வேண்டும். மேடத்துக்கு அது பொறுக்கவில்லை. ஒவ்வொரு விவசாயிக்கும் ஒவ்வொரு லாரிக்கும் ஒவ்வொரு மண்டிக்கும் ஓர் ஆணி அடித்து, ஆணிக்குக் கீழே சீட்டு ஒட்டினார். யாருடைய சரக்கு எந்த லாரியில் போனதோ அதற்குச் சிவப்பு நூல். அந்த லாரி எந்த மண்டியில் இறக்கியதோ அதற்கு நீல நூல்.

"நோட்டுல எழுதுனா அதது தனித்தனியாத்தான் கெடக்கும். எதுக்கும் எதுக்கும் சம்பந்தம்னு கண்ணுக்குத் தெரியணும்ல?" என்பார்.

இப்போது என் மகள் பெங்களூரில் ஒரு கம்பெனிக்கு இதே வேலையைக் கம்ப்யூட்டரில் செய்து தருகிறாள். வாங்கியவர், விற்றவர், சரக்கு, வண்டி எல்லாம் திரையில் புள்ளிகளாக நிற்கின்றன. நடுவே கோடுகள் ஓடுகின்றன. புதிய முறையாம். புதிதாவது ஒன்றாவது! பெருமாள்மலையில் கம்பளி நூலில் பார்த்ததுதான் என்றேன். அவள் நம்பவில்லை.

ஒரு மழைக்காலத்தில் மதுரைக்குப் போன கேரட் மூட்டைகள் அழுகத் தொடங்கின. மண்டிக்காரர்கள் சத்தம் போட்டார்கள். எல்லோருடைய கையும் ஒரே ஆளைத்தான் காட்டியது. அவர் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு இங்கே வந்து, வருஷக்கணக்காகக் கூலிக்கு மண்வெட்டி பிடித்து, அப்போதுதான் வில்பட்டியில் ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். அதுதான் அவருடைய முதல் வெள்ளாமை. பாதிக் கேரட் இன்னும் மண்ணுக்குள் இருந்தது.

"அந்த ஆளு மூட்டைய இனிமே ஏத்தாதீங்க. அழுகுனதையும் கலந்து கட்டுறான்," என்றார் முதலாளி. ஏற்றாவிட்டால் அந்த மனிதர் மறுபடி கூலிக்குப் போக வேண்டியதுதான். எனக்கும் அது தெரியும். இருந்தும் முதலாளி சொன்னதற்குத் தலையாட்டினேன்.

மேடம் தலையாட்டவில்லை. அழுகிய மூட்டை ஒவ்வொன்றுக்கும் நீல நூலைப் பிடித்து லாரிக்கும், அங்கிருந்து சிவப்பு நூலைப் பிடித்து விவசாயிக்கும் பின்னோக்கிப் போனார். சிலோன்காரருடைய ஆணியோடு அது நின்றுவிடவில்லை. ஊரில் பேர்பெற்ற இரண்டு குடும்பங்களின் ஆணிகளுக்கும் போயிற்று. அவர்கள் மூட்டை அழுகியபோது மழை என்று சொன்ன அதே வாய்தான் இவர் மூட்டைக்குக் கலப்படம் என்றது. ஆனால் மூன்று பேரின் சிவப்பு நூலும் ஒரே லாரியில் வந்து முடிந்தது. முதலாளி புதிதாக வாங்கிய சொந்த லாரி.

உரம் ஏற்றி வந்த லாரியைக் கழுவிக் காயவிட்டுத்தான் காய் ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஒட்டியிருக்கும் உரம் நனைந்து காயை அழுகவைத்துவிடும் என்பது மலையில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் மலையேறி வரும் சரக்குக்கும் எங்களுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அது கொடைக்கானல் கோடவுனில் இறங்கும். கணக்கும் அங்கேயே இருக்கும். எங்களிடம் வருவது காலி லாரி. மேடம் ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் நேரே கோடவுன் குமாஸ்தா வீட்டுக்குப் போய், எந்த லாரி எப்போது எதைக் கொண்டுவந்தது என்று கேட்டு வந்தார். மறுநாள் காலை வெள்ளனே பலகையில் பச்சை நூல் ஏறியது. கேரட் அழுகிய ஒவ்வொரு தடவையும் அந்த லாரி யூரியா இறக்கிவிட்டு அப்படியே கீழே வந்திருந்தது.

முதலாளி வந்தார். மேடம் பலகையைக் காட்டி, நூலைத் தொட்டுத் தொட்டுச் சொல்லி முடித்தார். அவருடைய குரலில் ஒரு பிசிறுகூட இல்லை.

"என் லாரியவா சொல்றே?"

"ஆமா சார். வெரசா வா, வெரசா வான்னு நீங்கதான் டிரைவர வெரட்டுனீங்க. கழுவ அவருக்கு ஏது நேரம்?"

முதலாளி பச்சை நூலை விரலால் சுண்டிப் பார்த்தார். பிறகு, "சரி, கழுவிட்டே ஏத்தச் சொல்லு. அந்தாளு மூட்டையும் ஏறட்டும்," என்று சொல்லிவிட்டு வெளியே போனார். இப்படி ஒரு மனுஷியோடு வேலை பார்க்கிறேன் என்று எனக்குப் பெருமையில் நெஞ்சு விம்மியது.

மதியம் சிலோன்காரர் வந்தார். விஷயம் அதற்குள் அவர் காதுக்குப் போயிருந்தது. மேடத்தைக் கும்பிட்டுவிட்டுப் பலகைக்கு முன்னால் போய் நின்றார்.

"இதுல நான் எங்கங்க இருக்கேன்?"

மேடம் சந்தோஷமாக ஓர் ஆணியைத் தொட்டுக் காட்டினார். அவர் குனிந்து, ஆணிக்குக் கீழே இருந்த சீட்டை எழுத்துக் கூட்டிப் படித்தார். சுற்றியிருந்த ஆணிகளின் சீட்டுகளையும் படித்தார். அவற்றிலெல்லாம் பெயர்கள் இருந்தன. அவருடையதில் மட்டும் 'சிலோன்காரர்' என்று இருந்தது, மேடத்தின் அழகான கையெழுத்தில்.

"நம்ம பேரு அது இல்லைங்களே," என்றார். அதில் கோபம் இல்லை.

மேடத்தின் முகம் சிவந்துவிட்டது. அந்தச் சீட்டைக் கிழித்தெடுத்தார். புதிய சீட்டு ஒன்றை எடுத்து, பேனாவைத் திறந்துகொண்டு, "மன்னிச்சிருங்கண்ணே. சொல்லுங்க, எழுதிக்கிறேன்," என்றார்.

அவர் தோள் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, தன் பெயரை அப்பா பெயரோடு சேர்த்து, நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.